கைத்தொழில் நூல்களும் அட்டவணைப் பணியும்: செஞ்சித் தையற்காரர் ஒருவரின் பெட்டியை முன்வைத்து

தமிழ் நூல் வரலாற்றை எழுதப் புகுந்தோர் சங்க இலக்கியத்தில் தொடங்கி, காப்பியம், பக்திப் பாடல், சிற்றிலக்கியம், உரைநடை என்று வரிசையாக இறங்கி வருவது வழக்கம். அவ்வரிசையில் சட்டை வெட்டக் கற்பிக்கும் நூலுக்கும், சாயம் காய்ச்சவும் சோப்புச் செய்யவும் வழி சொல்லும் சிறு நூல்களுக்கும் இடம் கிடைப்பதில்லை. ஆயினும் அச்சுத் தொழில் நம்மவர் கைக்கு வந்த நாள் முதல் இத்தகைய நூல்கள் வெளிவந்தவண்ணமே இருந்திருக்கின்றன. விலை குறைவு, தாளும் மட்டம். வாங்கியவர் அவற்றைப் பட்டறையிலும் அடுக்களையிலும் வைத்தே பயன்படுத்தினமையால் எண்ணெயும் பசையும் படிந்து, முதற்பக்கமும் கடைசிப் பக்கமும் உதிர்ந்து, இறுதியில் எடைக்குப் போய்விட்டவை பல. அவ்வாறு எடைக்குப் போகவிருந்த ஒரு சிறு தொகுப்பை அட்டவணைப்படுத்த நேர்ந்த அனுபவத்தைக் கொண்டு, தனியார் நூல் தொகுப்புகளை ஒழுங்குபடுத்தும் முறைகளை மாணவ நண்பர்களுக்கு எடுத்துரைக்க இக்கட்டுரை முற்படுகிறது.

பெட்டி வந்த வழி

செஞ்சி என்றதும் இராசகிரியும் கிருஷ்ணகிரியும் சந்திரகிரியும் நம் கண்முன் எழும். 1714இல் சாதத்துல்லாகானின் படையை எதிர்த்துப் பொருது மாண்ட தேசிங்குராசனும், அவனுக்காக உயிர்நீத்த நண்பன் மகபத்கானும் கதைப்பாடலாக நம் கிராமங்களில் வாழ்கின்றனர். 2025 சூலையில் மராட்டியர் காலப் படைத்தளங்கள் என்னும் தொகுதியைச் சேர்ந்த பன்னிரண்டு கோட்டைகளுள் ஒன்றாகச் செஞ்சிக் கோட்டை உலக மரபுச் சின்னப் பட்டியலில் இடம்பெற்றது. கல்லுக்கு இத்தகைய காவல் கிடைத்திருப்பது மகிழ்ச்சிக்குரியது. ஊருக்குள் தாளில் இருப்பவற்றைப் பற்றி எவரும் கேட்பதில்லை. செஞ்சிக்கு அருகிலுள்ள மேல்சித்தாமூர்ச் சமண மடம் ஏட்டுச்சுவடிகளைப் பேணி வந்தமையை ஆய்வாளர் அறிவர். கடைத்தெருவிலும் வீட்டுப் பரணிலும் கிடக்கும் அச்சு நூல்களுக்கு அத்தகைய மடம் ஏதுமில்லை.

என் தாய்மாமா செஞ்சிக் கடைத்தெருவில் நாற்பது ஆண்டுகளுக்குக் குறையாமல் தையற்கடை நடத்தியவர். எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டவர். ஆனால் தம் தொழிலைப் பற்றித் தமிழில் அச்சான எதைக் கண்டாலும் வாங்காமல் விடமாட்டார். அவர் மறைந்த மூன்றாம் மாதம் வாடகைக் கடையை ஒழித்துக் கொடுக்க வேண்டியதாயிற்று. பழைய தாள் வாங்குபவர் தராசோடு வாசலில் நின்ற வேளையில்தான் நான் அங்குச் சென்றேன். தமிழ் படித்தவன் என்ற ஒரே காரணத்தால், தகரப் பெட்டியும் சுவரலமாரியில் இருந்தவையும் என்னிடம் ஒப்படைக்கப்பட்டன. தமிழ் படித்த எனக்கு அவற்றுள் பாதியை என்னவென்று பெயரிடுவது என்றே விளங்கவில்லை என்பதையும் ஈண்டு ஒப்புக்கொள்ள வேண்டும்.

எண்ணியபோது 143 உருப்படிகள் இருந்தன. தையற்கலை, பூத்தையல் நூல்கள். அரசினர் தொழில்நுட்பத் தேர்வுக்கான தையற் கையேடுகள். சிங்கர், உஷா பொறிகளோடு வந்த விளக்கப் புத்தகங்கள். மையும் சோப்பும் மெழுகுவத்தியும் செய்யும் முறை கூறும் ‘வீட்டுக் கைத்தொழில்’ வகைச் சிறு நூல்கள். அட்டை கிழிந்த இரண்டு சமையல் நூல்கள். அரபுத்தமிழில் கல்லச்சிட்ட ஒரு கைமருத்துவ நூல். இவற்றோடு மாமா தம் கைப்பட எழுதிய பதினொரு அளவுக் குறிப்பேடுகள். அரையாண்டு விடுமுறையில் இரு மாணவர்களைத் துணைக்கு அழைத்துக்கொண்டு அட்டவணைப் பணியைத் தொடங்கினேன்.

முன்னோர் வகுத்த நெறி

நூல்களைப் பட்டியலிடுவது மேனாட்டார் நமக்குக் கற்றுத்தந்த கலை என்று கருதுவோர் உளர். பாக்தாதில் வாழ்ந்த இப்னுந் நதீம் ஹிஜ்ரி 377இல், அதாவது கி.பி. 987இல், ‘அல்ஃபிஹ்ரிஸ்த்’ என்னும் நூலட்டவணையைத் தொகுத்தார். அவர் புத்தகத் தொழில் செய்தவர். திருமறை, இலக்கணம், வரலாறு, கவிதை, சட்டம், மெய்யியல் எனப் பத்துப் பிரிவுகளாக விரியும் அவ்வட்டவணையின் எட்டாம் பிரிவில் கதை நூல்களை அடுத்துக் குதிரை வளர்ப்பு, சமையல், நறுமணப் பொருள் ஆகியவை பற்றிய நூல்களும் பெயர் பெறுகின்றன. பெரும்புலவர்களின் நூல்களை எழுதிய அதே எழுதுகோலால் அவர் சமையல் நூலின் பெயரையும் எழுதினார். அடுத்த நூற்றாண்டில் வட ஆப்பிரிக்காவை ஆண்ட இப்னு பாதிஸின் பெயரால் வழங்கும் நூலொன்று எழுதுகோல் சீவுவது, மை கூட்டுவது, தாள் செய்வது, நூல் கட்டுவது ஆகியவற்றைப் பன்னிரண்டு இயல்களில் கற்பிக்கின்றது. புத்தகம் செய்யும் கைத்தொழிலுக்கே ஒரு புத்தகம்!

தமிழுக்கு வருவோம். ஜான் மர்டாக் என்னும் பாதிரியார் 1865இல் தமிழ் அச்சு நூல்களின் வகைப்படுத்திய அட்டவணையைச் சென்னையில் வெளியிட்டார். இரண்டாண்டு கழித்து, 1867இல், அச்சகங்களையும் நூல்களையும் பதிவு செய்யும் சட்டம் வந்தது. ஆங்கில அரசு இச்சட்டத்தை இயற்றியது நம் இலக்கியத்தின்பால் கொண்ட அன்பினால் அன்று. எனினும் ஒவ்வொரு நூலுக்கும் அச்சட்டம் கேட்ட விவரங்களைப் பாருங்கள்: நூற்பெயர், மொழி, ஆசிரியர், பொருள், அச்சிட்ட இடம், வெளியான நாள், பக்கம், அளவு, எத்தனையாம் பதிப்பு, எத்தனை படிகள், அச்செழுத்தா கல்லச்சா, விலை, உரிமையாளர். நாவலுக்கும் நாடகத்துக்கும் உரிய அதே கட்டங்கள் சாயத் தொழில் நூலுக்கும் இருந்தன. ஒரு நூல் எத்தனை படிகள் அச்சாயிற்று என்பதை இன்றைய பல பதிப்பகங்கள் சொல்வதேயில்லை. அன்றைய காலாண்டுப் பட்டியல் சொல்லியது.

நம் நாட்டு நூலகவியலின் தந்தை எஸ்.ஆர். இரங்கநாதன் சீகாழியில் 1892இல் பிறந்து, கணித ஆசிரியராக இருந்து, 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரானவர். இலண்டனில் பயின்றபோது கடையொன்றில் ‘மெக்கானோ’ என்னும் விளையாட்டுக் கருவியைக் கண்டார். சில இரும்புப் பட்டைகளையும் திருகாணிகளையும் மாற்றி மாற்றிப் பூட்டி வண்டி, பாலம், பாரந்தூக்கி எனப் பலவும் செய்யலாம். நூல்களின் பொருளையும் இவ்வாறு சிறு கூறுகளாக்கி வேண்டியபடி பூட்டலாமே என்ற எண்ணம் அங்குதான் அவருக்கு உதித்தது. அதன் விளைவே 1933இல் வெளிவந்த கோலன் பகுப்பு முறை. அதில் பயன்கலைகளுக்கு ‘எம்’ என்னும் தனி எழுத்தே ஒதுக்கப்பட்டது. அவருடைய நூலக இயல் விதிகள் ஐந்தனுள் ஒவ்வொரு நூலுக்கும் அதற்குரிய வாசகர் உண்டு என்பதும் ஒன்று. தையற்கடைப் பெட்டியின் முன் அமர்ந்தபோது அவ்விதியே எனக்கு ஊக்கமாக இருந்தது.

கோட்டையூர் தந்த பாடம்

தனியொருவர் தொகுப்பு என்பதற்குத் தமிழகத்தில் சிறந்த சான்று காரைக்குடியை அடுத்த கோட்டையூர் ரோஜா முத்தையா அவர்களின் தொகுப்பாகும். அவர் பேராசிரியர் அல்லர். விளம்பரப் பலகை எழுதும் ஓவியர். தூரிகை பிடித்து ஈட்டிய பொருளைக் கொண்டு ஏறத்தாழ நாற்பதாண்டுக் காலம் பழைய நூல்களையும் இதழ்களையும் தேடித் தேடிச் சேர்த்தார். நூல்களும் இதழ்களுமாக ஏறத்தாழ 1,00,000 உருப்படிகள் அவர் வீட்டில் சேர்ந்தன. நாடக நோட்டீசு, திருமண அழைப்பு, மடல் என்று பிறர் தூக்கி எறிவனவற்றையும் அவர் எறியவில்லை. இலக்கியம், சமயம் ஆகியவற்றோடு மருத்துவமும் சமையலும் பிற தொழில்களும் அங்கே ஒரே கூரையின் கீழ் இருந்தன. 1992இல் அவர் மறைந்தார். தொகுப்பு சிதறிப்போகும் நிலையில் 1994இல் சிகாகோ பல்கலைக்கழகம் அதனை விலைக்கு வாங்கியது. ஆனால் கடல் கடத்திச் செல்லாமல் சென்னையிலேயே வைத்தது. அட்டவணைப்படுத்தியும் நுண்படம் எடுத்தும் 1996இல் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் ஆய்வாளர்க்குத் திறக்கப்பட்டது. முதலில் முகப்பேரில் இயங்கிய நூலகம் பின்னர்த் தரமணிக்கு இடம் மாறியது.

இவ்வரலாற்றில் நாம் கருதவேண்டியது ஒன்றுண்டு. தொகுத்தவர் உயிரோடிருந்தவரை எந்த நூல் எங்கே உள்ளது என்பது அவர் நினைவில் இருந்தது. அவர் கண் மூடியதும் அந்த நினைவுக்கு மாற்றாக ஓர் அட்டவணை தேவைப்பட்டது. கோட்டையூரில் ஒரு இலட்சம் உருப்படிகளுக்கு நேர்ந்ததே செஞ்சியில் 143 உருப்படிகளுக்கும் நேர்ந்தது. மறைமலையடிகள் தம் நூல்கள் பொதுமக்களுக்குப் பயன்பட வேண்டும் என எழுதிவைத்துச் சென்றமையால் 1958இல் சென்னையில் அவர் பெயரால் நூலகம் எழுந்தது. எழுதிவைக்கும் வழக்கம் தையற்காரர்க்கும் தச்சர்க்கும் இல்லை. தம்மிடம் இருப்பது ஒரு நூலகம் என்று அவர்கள் எண்ணுவதேயில்லை.

எங்கே வைப்பது?

முதற்சிக்கல் வகைப்படுத்தலில் எழுந்தது. பெரும்பாலான கல்லூரி நூலகங்களில் வழங்கும் தூயி பதின்மப் பகுப்பின்படி வீட்டில் ஆடை தைப்பது 646இல் வரும். அதையே விற்பனைக்காகத் தொழிலாகச் செய்தால் 687க்குப் போய்விடும். துணியில் பூத்தையல் போட்டால் அது கலையாகி 746இல் ஏறும். எவ்வூரார் எவ்வுடை உடுத்துவர் என்று கூறும் நூல் 391இல் இருக்கும். மாமாவின் ஒரே அலமாரி நான்கு மூலைகளுக்குச் சிதறவேண்டும்! வீட்டுக்குத் தைப்பதற்கும் கடைக்குத் தைப்பதற்கும் உள்ள வேறுபாடு அமெரிக்க நூலகர்க்குத் தெளிவாக இருந்திருக்கலாம். செஞ்சிக் கடைத்தெருவில் பகலில் கடையில் தைத்தவரே இரவில் அதே பொறியை வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பெருநாள் துணி தைத்தார்.

பகுப்பு எண் பொது நூலகத்துக்கு இன்றியமையாதது. பல இலட்சம் நூல்களிடையே அதுவே வழிகாட்டி. நூறு, இருநூறு நூல் கொண்ட தனியார் தொகுப்புக்கோ, உரியவர் வைத்திருந்த வரிசையைக் கலைக்காமல் முதலில் அப்படியே பதிவு செய்து, பகுப்பு எண்ணைத் தனிக் கட்டத்தில் எழுதிக்கொள்வதே சாலும் என்பது என் துணிபு. மாமா தேர்வுக் கையேடுகளைக் கீழ்த்தட்டிலும் பூத்தையல் நூல்களை மேல்தட்டிலும் வைத்திருந்தார். அதற்குக் காரணம் இருந்தது. தொழில் பழக வந்த பையன்கள் தரையில் அமர்ந்து படிப்பார்கள். பூத்தையல் நூலோ வாடிக்கையாளருக்கு எடுத்துக் காட்டுவது. வரிசையே ஒரு செய்தி. பல தொகுப்புகளில் நாம் போய்ச் சேரும் முன்பே யாரேனும் ‘அடுக்கி வைத்து’ விடுகிறார்கள்.

பொருட்சொல்லைத் தேர்வதிலும் கவனம் வேண்டும். நூலில் ‘கழுத்துப்பட்டி’ என்றும் கடையில் ‘காலர்’ என்றும் வழங்கினால் அட்டவணையில் இரண்டையும் இட்டு ஒன்றிலிருந்து மற்றொன்றைப் பார்க்கச் சொல்ல வேண்டும். ‘பொத்தான் துளை’ என்று மட்டும் எழுதிவிட்டால் ‘காஜா’ என்று தேடும் தொழிலாளிக்கு அந்நூல் கிடைக்காது. தூய தமிழ்ச் சொல்லை முதலில் வைப்பதில் எனக்கு மறுப்பில்லை. வழக்குச் சொல்லை வெளியே நிறுத்துவதைத்தான் ஏற்க இயலவில்லை.

ஆண்டு காணும் முறை

எங்களை மிகுதியும் அலைக்கழித்தது வெளியீட்டாண்டே. 143இல் அறுபதுக்கு மேற்பட்டவற்றில் ஆண்டு இல்லை. சிலவற்றில் முதற்பக்கமே இல்லை. தொழில் நூல் பழையது என்று தெரிந்தால் விற்காது என்பதால் பதிப்பாளர் வேண்டுமென்றே ஆண்டை விட்டதும் உண்டு. இந்நிலையில் நூலின் உள்ளேயும் புறமும் கிடைக்கும் சான்றுகளைக் கொண்டு கால எல்லை வகுக்க வேண்டும். மாணவர்கள் மிக விரும்பிச் செய்த வேலை இதுவே; ஆகையால் சற்று விரித்துரைக்கிறேன்.

முதலில் விலையைப் பார்க்க வேண்டும். அணாக் கணக்கில் விலை இருந்தால் 1957 ஏப்ரலுக்கு முற்பட்டது எனக் கொள்ளலாம். பதின்ம நாணயம் அப்போதுதான் வந்தது. ‘ந.பை.’ என்று இருந்தால் 1957க்கும் 1964க்கும் இடைப்பட்டது. 1964 சூனில் ‘நயா’ என்னும் அடைமொழி நீங்கி வெறும் பைசாவாயிற்று. விலையை ஒட்டுத்தாளால் மறைத்து ஏற்றியிருப்பார்கள். வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் அடியில் உள்ள விலை தெரியும். அடுத்துப் பதிப்பகத்தின் முகவரி. ‘சென்னை-1’ என்றோ ‘சென்னை-79’ என்றோ இருந்தால் பழையது. 1972 ஆகஸ்டு 15இல் அஞ்சல் குறியீட்டு எண் வந்தபின் ஆறிலக்க எண் தோன்றும். ‘சென்னை இராஜ்யம்’ எனக் கண்டால் 1969 சனவரியில் தமிழ்நாடு எனப் பெயர் மாறியதற்கு முந்தியது எனலாம்.

எழுத்தே ஒரு சான்று. ணை, லை, றா முதலியவற்றின் பழைய வடிவங்கள் இருப்பின் அது 1978ஆம் ஆண்டு எழுத்துச் சீர்திருத்த ஆணைக்கு முந்தியதாக இருக்க வாய்ப்பு மிகுதி. ‘வாய்ப்பு மிகுதி’ என்றே சொல்கிறேன். சிறு அச்சகங்கள் பழைய ஈய எழுத்துகளை வீணாக்க மனமின்றி அதற்குப் பின்னும் பல்லாண்டு பயன்படுத்தின. தையல் நூல்களுக்கே உரிய சான்று ஒன்றும் உண்டு. துணியின் அளவைக் கெஜத்தில் மட்டும் கூறும் நூல் மெட்டிரிக் அளவை பரவுவதற்கு முற்பட்டது. கெஜத்தையும் மீட்டரையும் அருகருகே தந்து மாற்று வாய்பாடும் சேர்த்திருப்பது, வாசகர் தடுமாறிக்கொண்டிருந்த 1960களை ஒட்டியது. உடலளவோ இன்றுவரை அங்குலத்திலேயே நிற்கிறது. அதைக் கொண்டு காலம் கணிக்க முயன்று ஒரு மாணவர் ஏமாந்தார்.

தமிழாண்டுப் பெயர் மட்டும் இருந்தால் எச்சரிக்கை வேண்டும். விகிருதி என்பது 1890-91ஆகவும் இருக்கலாம், 1950-51ஆகவும் இருக்கலாம். அரபுத்தமிழ்க் கைமருத்துவ நூலில் ஹிஜ்ரி ஆண்டு மட்டுமே இருந்தது. ஹிஜ்ரி ஆண்டு சூரிய ஆண்டினும் ஏறத்தாழ பதினொரு நாள் குறுகியது. 579ஐக் கூட்டிவிட்டால் கி.பி. ஆண்டு வந்துவிடும் என்று சிலர் கூறும் குறுக்குவழி எல்லாக் காலத்துக்கும் பொருந்தாது. ஒப்பீட்டு அட்டவணையைப் பார்த்தே எழுதினோம். உரியவர் இட்ட முத்திரையும் உதவும். மாமாவின் இரப்பர் முத்திரையில் சில நூல்களில் ‘தென்னாற்காடு மாவட்டம்’ என்றும் சிலவற்றில் ‘விழுப்புரம் மாவட்டம்’ என்றும் இருந்தது. 1993 செப்டம்பரில் மாவட்டம் பிரிந்த பின்னர்ப் புது முத்திரை செய்துகொண்டார் போலும். அதனால் நூல் அச்சான ஆண்டு தெரியாவிடினும், அவர் கைக்கு வந்த காலம் ஓரளவு தெரிந்தது. இவ்வாறு ஊகித்த ஆண்டுகளைப் பகர அடைப்புக்குள் இட்டு, எந்தச் சான்றால் என்பதையும் குறிப்பில் எழுத வேண்டும். காரணம் எழுதாத ஊகம் பின்வருவோர்க்குப் பயன்படாது.

காகிதத் துண்டுகள்

இனி என் தவற்றைக் கூற வேண்டும். முதல்நாள் நூல்களைத் தூசி தட்டியபோது அவற்றினூடே பழுப்புநிறத் தாளில் வெட்டிய கோணல் மாணலான துண்டுகள் பல விழுந்தன. செய்தித்தாளில் வெட்டியவையும் இருந்தன. பக்க அடையாளத்துக்காக வைத்த வெறுந்தாள் என்று கருதி அவற்றை ஒரு சாக்கில் திணித்துத் திண்ணையில் வைத்துவிட்டேன். எந்தத் துண்டு எந்த நூலின் எந்தப் பக்கத்தில் இருந்தது என்பதைக் குறிக்கவுமில்லை. மாலையில் தேநீர் கொண்டுவந்த மாமி அந்தச் சாக்கைப் பார்த்தார். ஒன்றை எடுத்து மடியில் விரித்து, “இது காகிதம் இல்லப்பா, ஷெர்வானிக் கழுத்து. பின்கூன் விழுந்தவங்களுக்குன்னு தனியா வெட்டினது. புத்தகத்துல இருக்கிறபடி வெட்டினா தூக்கிக்கும்னு சொல்வாரு” என்றார்.

அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. நூல் கூறும் முறை தேறாத இடத்தில் தொழிலாளி தானே கண்ட திருத்தம் அந்தத் துண்டு. அச்சு நூல் இன்னொரு படி எங்கேனும் கிடைக்கக்கூடும். அந்தத் துண்டுக்கு வேறு படி கிடையாது. அதை நான் நூலிலிருந்து பிரித்துவிட்டேன். ஏட்டுச்சுவடிப் பதிப்பில் பாடவேறுபாட்டைப் போற்றக் கற்பிக்கும் நாம், தையற்காரரின் பாடவேறுபாட்டைக் குப்பை என்று எண்ணியது எத்தகைய பேதைமை! மறுநாள் முதல் மாமியையும் எங்களோடு அமரச் செய்தோம். எழுத்தறியாத அவர் துண்டின் வளைவைக் கண்டே இது அக்குள், இது கைப்பட்டி, இது குழந்தைக் குல்லாய் என்று கூறினார். 58 துண்டுகளுள் 41ஐ இன்ன உடைக்கு உரியது எனக் கண்டோம். அவற்றுள் 19ஐ மட்டுமே, மடிப்புத் தடத்தையும் தாளில் படிந்த கறையையும் ஒப்பிட்டு, உரிய பக்கத்தில் திரும்ப வைக்க முடிந்தது.

இதனால் பெற்ற நடைமுறையை மாணவர்க்குச் சொல்லிவிடுகிறேன். நூலைத் திறக்குமுன் பென்சிலால் தற்காலிக எண் இடுக. உள்ளே எது இருந்தாலும் பக்க எண்ணோடு குறித்து, தனி உறையிலிட்டு, நூலின் எண்ணையே உறைக்கும் இடுக. ஓரக் குறிப்புகளை அட்டவணையில் ‘குறிப்பு உண்டு’ என்று முடித்துவிடாமல் எதைப் பற்றியது என ஒரு வரியேனும் எழுதுக. மையினால் நூலின்மீது எழுதலாகாது. ஒட்டுநாடா ஒட்டவே கூடாது, சில ஆண்டுகளில் அது மஞ்சளாகி எழுத்தையும் உரித்துக்கொண்டு வரும். தொழில் அறிந்த ஒருவர் அருகில் இல்லாமல் தொழில் நூல் தொகுப்பைத் தொடவேண்டாம்.

அளவுக் குறிப்பேடுகள் பதினொன்றும் வேறு வகைச் சிக்கல். ஊரில் உள்ளோர் பெயரும் அவர்தம் உடலளவும் அவற்றில் உள்ளன. உடை வழக்கங்கள் எவ்வாறு மாறின, பெருநாளுக்கும் பொங்கலுக்கும் யார் யார் எத்தனை துணி எடுத்தனர் என ஆராய்வோர்க்கு அவை பெருஞ்செல்வம். ஆயினும் பெண்டிரின் அளவுகளைப் பிறர் பார்வைக்கு வைப்பது நம் வழக்குக்கு ஒவ்வாது. மாமாவும் அவற்றைப் பூட்டியே வைத்திருந்தார். எனவே அட்டவணையில் குறிப்பேட்டின் எண், பக்கம், காலம், உடை வகை ஆகியவற்றை மட்டும் பதிந்து, பெயர்களை எடுத்தெழுதாமல் விட்டோம். இதை ஏற்காத நண்பர்கள் துறையிலேயே உள்ளனர். ஆய்வுக்கு மறைப்பு ஆகாது என்பது அவர்கள் வாதம். குறிப்பேட்டில் உள்ளோர் பலர் இன்னும் நம்மிடையே நடமாடுகின்றனர் என்பதே என் விடை.

எழுதப்படாதவை

அட்டவணை முடிந்தபின் மற்றொன்றும் தெரிந்தது. சட்டைக்கும் பாவாடைக்கும் நூல்கள் பல; ஷெர்வானிக்கு ஒரே நூலில் இரண்டு பக்கம்; தொப்பிக்கும் புர்காவுக்கும் தமிழில் அச்சான ஒரு வரியும் அத்தொகுப்பில் இல்லை. மாமா அவற்றையெல்லாம் தைத்தார். குறிப்பேட்டிலும் தாள் துண்டிலும் மட்டுமே அவை உள்ளன. செஞ்சியிலிருந்து வந்தவாசிக்குச் சென்றால் கோரைப்பாய் நெய்வோரைக் காணலாம். தெற்கே பத்தமடைப் பாய் உலகறிந்தது. நம் குடும்பங்கள் பல தலைமுறையாக அத்தொழிலில் உள்ளன. கோரையை எத்தனை நாள் ஊறவைப்பது, எப்போது கிழிப்பது, சாயம் எப்போது பிடிக்கும் என்பனவற்றை அவர்கள் கைகள் அறியும். இத்தொகுப்பில் அதற்கும் நூல் இல்லை. கணபதி ஸ்தபதி அவர்கள் 1978இல் ‘சிற்பச் செந்நூல்’ எழுதியமையால் கற்சிற்பியரின் அறிவு தமிழில் நின்றது. கப்பல் கட்டுவோரின் அறிவு ‘கப்பல் சாத்திரம்’ என்னும் சுவடியாக அரசினர் கீழ்த்திசைச் சுவடி நூலகத்தில் தங்கிப் பின்னர் அச்சேறியது. தையற்காரர்க்கும் பாய் நெசவாளர்க்கும் அத்தகைய பேறு வாய்த்ததாகத் தெரியவில்லை.

அட்டவணையின் தட்டச்சுப் படி ஒன்று எங்கள் துறை அலமாரியில் உள்ளது, மற்றொன்று மாமியிடம். ரோஜா முத்தையா நூலகத்தின் பட்டியலோடும் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தோடும் ஒப்பிட்டு, வேறெங்கும் படி தென்படாத நூல்களுக்கு எதிரே உடுக்குறி இடும் பணி இப்போது நடைபெற்று வருகிறது. நூல்கள் செஞ்சி வீட்டிலேயே, அதே தகரப் பெட்டியில், வேப்பிலையும் பாச்சை உருண்டையும் இட்டு வைக்கப்பட்டுள்ளன. அடையாளம் தெரியாத 17 துண்டுகளையும் ஓர் உறையிலிட்டு 144 என்று எண்ணிட்டிருக்கிறோம். தையல் தெரிந்தவர்கள் வீட்டுக்கு வந்தால் மாமி முதலில் அந்த உறையைத்தான் எடுத்துக் காட்டுகிறார். சென்ற மாதம் வந்த முதியவர் ஒருவர் அவற்றுள் ஒன்று பழைய வகைக் குதிரைவண்டிக்காரர் அங்கியின் தோள்பட்டை என்றார். அவர் கூற்றையும் நாளிட்டு எழுதிச் சேர்த்தாயிற்று.